இறகுக் கரை: குயில்டை மெசினில் தைப்பதும், தைத்ததை விற்கலாமா என்பதும்

எங்கட நிலையத்துத் தையல் வகுப்புக்கு வாற ஆக்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒன்று, குயில்டின் கரையைச் சுற்றி ஓடுகிற அந்த இறகு வேலையை மெசினில் எப்படிச் செய்கிறது. மற்றது, செய்து முடித்ததை விற்கலாமோ. முதற் கேள்விக்கு மறுமொழி நீளம். இரண்டாவதுக்குக் குறுகியதுதான், ஆனால் அதைப் பிழையாக விளங்கிக்கொண்டால் உங்கட வழக்கு பாதிக்கப்படலாம். யாராவது ஏற்கனவே காசு தரட்டோ என்று உங்களைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியை முதலில் வாசியுங்கள்.

குயில்ட் என்பது மூன்று படை கொண்ட போர்வை. மேலே அழகான துணி, நடுவில் வாடிங் என்கிற பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றும் விலகாமல் இருக்க அவற்றை ஊடுருவித் தைக்கிற தையல்தான் குயில்டிங். தைத்த இடம் பள்ளமாகும், தைக்காத இடம் பொம்மி நிற்கும். இறகு வேலையின் அழகு நூலின் நிறத்தில் இல்லை, இந்த மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது. வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்த இறகை யன்னல் பக்கமாகச் சரித்துப் பிடித்துப் பாருங்கள், விளங்கும்.

இந்த வேலைக்கும் நாங்கள் இருக்கிற இடத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 2000ஆம் ஆண்டிலிருந்து தஞ்சம் கேட்டவர்களை லண்டனுக்கு வெளியே அனுப்பத் தொடங்கினபோது எங்கட ஆக்களும் நியூகாசில், சண்டர்லண்ட், மிடில்ஸ்பரோ பக்கம் வந்து சேர்ந்தார்கள். இந்த வடகிழக்குப் பகுதி, அதாவது டேரமும் நோர்தம்பர்லண்டும், இங்கிலாந்தில் குயில்டுக்குப் பேர்போன இடம். இறகு இந்த ஊர்க் குயில்டுகளின் முக்கியமான கோலங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் எல்லாம் கைத்தையல். கோப்பை, பீங்கான், காசுக்குத்தி என்று வீட்டில் இருந்ததை வைத்துக் கோடு இழுத்தார்கள். நன்றாகக் கோடு கீறத் தெரிந்தவர்களுக்கு அதுவே தொழிலாகவும் இருந்தது. அலன்ஹெட்ஸ் என்ற மலைக்கிராமத்தில் ஜோர்ஜ் கார்டினர் என்ற கடைக்காரரும், அவரிடம் பழகிய எலிசபெத் சாண்டர்சனும் மற்றவர்களின் குயில்ட் துணியில் நீலப் பென்சிலால் கோலம் கீறிக் கொடுத்தார்கள். அந்த நீலக் கோடு இன்றைக்கும் சில பழைய குயில்டுகளில் தெரியும். பாணாட் காசில் ஊரில் இருக்கிற போவஸ் மியூசியத்திலும், பீமிஷ் மியூசியத்திலும் பழைய குயில்டுகள் சேகரித்து வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் எங்கட பெண்களுக்கு உடனே பிடிபடும். நிலக்கரிச் சுரங்கத்தில் கணவன் இறந்தால் அல்லது வேலை செய்யேலாமல் போனால், அந்தப் பெண் ஒரு குயில்ட் கிளப் தொடங்குவாள். அயலில் உள்ளவர்கள் கிழமைக்குக் கிழமை ஒரு சிறு தொகை கட்டுவார்கள். முறைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு குயில்ட் தைத்துக் கொடுப்பாள். நாங்கள் சீட்டுப் பிடிக்கிறது மாதிரித்தான். அந்தக் காசில் குடும்பம் சாப்பிட்டது. 1928இல் கிராமியக் கைத்தொழில் பணியகம் என்ற அமைப்பு டேரத்திலும் தென் வேல்ஸிலும் சுரங்கக் குடும்பங்களுக்கு இந்தத் தையலில் வேலை எடுத்துக் கொடுக்கத் தொடங்கியது. 1930களில் லண்டன் கிளாரிஜஸ் ஹோட்டலுக்கும் குயில்டுகள் போயின. யுத்தம் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது.

மெசினில் தைத்த குயில்டைக் குறைவாகப் பார்த்தவர்கள் கனகாலம் இருந்தார்கள். 1989இல் அமெரிக்காவில் படூக்கா நகரில் நடந்த பெரிய குயில்ட் போட்டியில் கரில் பிரையர் ஃபாலர்ட் என்பவர் மெசினால் குயில்டிங் செய்த ஒன்றுக்கு முதற்பரிசு கிடைத்தபோது அந்த வாக்குவாதம் பாதி அடங்கியது. இப்போது அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கைத்தையல் ஒரு குயில்டுக்கு மாதக்கணக்கில் எடுக்கும். வகுப்புக்குக் கிழமைக்கு ஒருநாள் வாற ஆளுக்கு மெசின்தான் சரி.

கரையிலிருந்து தொடங்குங்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் நடுவில் தொடங்க வேணும் என்று நினைக்கிறார்கள். தளராமல் இருக்க நடுவிலே நேர்த்தையல் போட்டு மூன்று படையையும் முதலில் பிடித்துக்கொள்வது உண்மைதான், அது அவசியம். ஆனால் சுதந்திரமாக நெளித்துத் தைக்கிற வேலையைப் பழகக் கரைதான் வசதி. சாதாரண வீட்டு மெசினின் கைக்குக் கீழே இருக்கிற இடைவெளி சிறிது. நடுவில் தைக்கும்போது அரைவாசிப் போர்வையைச் சுருட்டி அதற்குள் திணிக்க வேணும். கரையில் தைக்கும்போது பாரம் முழுவதும் இடது பக்கம் வெளியே கிடக்கும். இடது பக்கத்தில் ஒரு மேசையோ, உயரம் கூட்டின அயன் போடும் பலகையோ வைத்து அந்தப் பாரத்தைத் தாங்க விடுங்கள். போர்வை மேசையிலிருந்து தொங்கினால் அதுவே துணியை இழுக்கும், தையல் ஒன்று நீளமும் ஒன்று கட்டையுமாக விழும். கனபேர் மெசினில்தான் பிழை என்று நினைக்கிறார்கள். உண்மையில் தொங்குகிற பாரம்தான் காரணம்.

அடித்துணியும் வாடிங்கும் மேல்துணியை விட நாலு பக்கமும் மூன்று நாலு அங்குலம் கூட இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு என்ற கணக்கில் கரையின் கடைசி வரை ஊக்குக் குத்துங்கள். நடுவில் நெருக்கமாகத் தைத்துவிட்டுக் கரையில் ஐதாகத் தைத்தால், கரை பாவாடைச் சுருக்கு மாதிரி அலையடிக்கும். இரண்டு இடத்திலும் தையலின் நெருக்கம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேணும்.

கணக்கு

படிப்பித்த பழக்கம், கணக்கை விட்டுவிட மனம் வரவில்லை. ஆனால் இதை விட்டால் மூலைகள் நாலும் நாலு விதமாக வரும்.

இறகுக் கரையின் உயிர் அதன் நடுத்தண்டு. அது பாம்பு போல ஒருக்கால் உள்ளே, ஒருக்கால் வெளியே வளைந்து போகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் இந்த வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருக்க வேணும். அப்போதுதான் ஒரு பக்கம் உள்வளைவில் தொடங்கி உள்வளைவிலேயே முடியும். மூலையில் ஒரு வெளிவளைவைப் போட்டால் அடுத்த பக்கம் மறுபடி உள்வளைவில் தொடங்கும். நாலு மூலையும் ஒன்றாக அமையும். இரட்டை எண்ணாக இருந்தால் ஒரு பக்கம் உள்ளே தொடங்கி வெளியே முடியும், மூலை குழம்பும்.

ஒரு உதாரணம். கரைக்கு உள்ளே இருக்கிற பகுதி 45 அங்குலத்துக்கு 63 அங்குலம் என்று வையுங்கள். ஒரு வளைவுக்கு 9 அங்குலம் கொடுத்தால், குறுகின பக்கத்தில் 5, நீளமான பக்கத்தில் 7. இரண்டும் ஒற்றை எண். கரை 6 அங்குல அகலம் என்றால் முழுக் குயில்ட் 57க்கு 75 ஆகும். உங்கட அளவு இப்படி அழகாகப் பிரியாது. பரவாயில்லை. 46 அங்குலம் என்றால் ஒரு வளைவு 9.2 அங்குலம். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வளைவின் நீளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கேலாது.

துணியில் நேரே கீறாதீர்கள். கடை ரசீது அடிக்கிற கடுதாசிச் சுருளில், ஒரு பக்கத்தின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுங்கள். சுருள் ஒடுக்கமாக இருந்தால் இரண்டு துண்டை ஒட்டிக்கொள்ளலாம். அதை நடுவால் மடித்துப் பாதி நீளத்தில் மட்டும் தண்டைக் கீறுங்கள். 45 அங்குலப் பக்கத்தில் அந்தப் பாதி இரண்டரை வளைவு. பிறகு யன்னல் கண்ணாடியில் வைத்து மற்றப் பாதியில் படி எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். 6 அங்குலக் கரையில் தண்டு எந்தப் பக்க ஓரத்துக்கும் 2 அங்குலத்துக்குக் கிட்டப் போகக்கூடாது, இல்லாட்டி அந்தப் பக்கத்து இறகுக்கு இடம் இராது. வெளி ஓரத்தில் அரை அங்குலத்தை வெறுமையாக விடுங்கள். கடைசியில் ஓரத்தை மூடித் தைக்கிற பட்டி கால் அங்குலத்தை விழுங்கும், இறகின் நுனியும் அதற்குள் போனால் செய்த வேலை வீண்.

துணியில் குறிக்கத் தண்ணீரில் போகிற நீலப் பேனை நல்லது. ஒரே ஒரு நிபந்தனை: கோட்டைக் கழுவும் முன் அந்தத் துணிக்கு அயன் போடக்கூடாது. சூடு பட்டால் அந்த நிறம் ஊறி நின்றுவிடும். சூட்டில் மறைகிற பேனைகளும் கடைகளில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கோடு குளிரில் திரும்பத் தெரியும். இந்த நாட்டுக் குளிரில் நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

தண்டையும், இறகு நுனிகள் தொட வேண்டிய எல்லைக் கோட்டையும் மட்டும் குறித்தால் போதும். பயமாக இருந்தால் 2 பென்ஸ் குத்தியை எல்லைக் கோட்டை ஒட்டி வரிசையாக வைத்து, அதன் தலைப்பக்க வளைவை மட்டும் கீறுங்கள். அந்தக் குத்தி ஏறக்குறைய ஒரு அங்குல அகலம். ஒரே அளவான வட்டத் தலைகள் கிடைக்கும்.

மெசினும் கையும்

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கிற பல்லுத்தான் துணியை நகர்த்துகிறது. இந்த வேலைக்கு அந்தப் பல்லை இறக்கிவிட வேணும். பிறகு துணியை நகர்த்துவது உங்கட கை. எல்லாத் திசையிலும் நகர்த்தலாம். பல்லு இறங்காத மெசின் என்றால் அதற்கு மேலே ஒரு மட்டையை ஒட்டி மூடலாம், ஊசி போக ஓட்டை விட மறக்கவேண்டாம். துணியை அமத்துகிற காலையும் மாற்றி, குயில்டிங்குக்கு என்று இருக்கிற துள்ளுகிற காலைப் போடுங்கள். தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வையுங்கள்.

ஊரில் சிங்கர் கால் மெசினில் வட்டச் சட்டம் போட்டு எம்பிராய்டறி செய்த அக்காமார் இதைப் படித்தவுடன் சிரிப்பார்கள். பல்லை மூடி, காலைக் கழற்றி, சட்டத்தைக் கையால் ஓட்டிப் பூப்போட்டது இதே வித்தைதான். அவர்களுக்கு இரண்டு வகுப்பு போதும். மற்றவர்கள் அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருங்கள்.

ஊசி 80 அல்லது 90 இலக்கம். மேலும் கீழும் 50 இலக்கப் பருத்தி நூல் போதும். தொடங்கும் இடத்தில் ஊசியை ஒருக்கால் இறக்கி ஏற்றி, பொபின் நூலை மேலே இழுத்து எடுத்து இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நாலைந்து குட்டித் தையல் போட்டுப் பூட்டுங்கள். துள்ளுகிற கால் துணியைத் தொடாத மாதிரித் தெரிவதால் அதன் நெம்பை இறக்க மறந்துவிடுவார்கள். நெம்பு மேலே இருந்தால் நூலுக்கு இழுவை இல்லை, அடியில் நூல் பந்தாகச் சிக்கும்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. பயத்தில் மெசினை ஆறுதலாக ஓட்டிக் கையைக் கெதியாக அசைக்கிறார்கள். அது தலைகீழ். மெசின் நடுத்தர வேகத்தில் ஒரே சீராக ஓடட்டும், கை ஆறுதலாகப் போகட்டும். அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுந்தால் நல்லது. வளைவுகளில் அடிப்பக்கம் நூல் கண்ணிமை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றால், கை அந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறது. பொபின் நூல் மேற்பக்கம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் கூட, அந்த இலக்கத்தைக் குறையுங்கள். ரப்பர் பூசிய கையுறை போட்டால் துணி வழுக்காது. தோட்ட வேலைக்கு விற்கிற மலிவானதே போதும்.

இனி இறகு. முதலில் தண்டை ஒரே ஓட்டமாகத் தைத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்டில் ஒரு புள்ளியிலிருந்து வெளியே வளைந்து போய், எல்லைக் கோட்டில் வட்டமாகத் திரும்பி, தண்டுக்கே வழுகி வந்து சேருங்கள். கண்ணீர்த்துளி மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும். அதுதான் முதல் இறகு. இரண்டாவது இறகுக்கு, இப்போது இறங்கி வந்த அதே கோட்டின் மேலேயே திரும்பி மூன்றில் இரண்டு பங்கு உயரம் ஏறுங்கள். அங்கே அதை விட்டுப் பிரிந்து, புதிய வட்டத் தலை ஒன்றைப் போட்டு மறுபடி தண்டுக்கு இறங்குங்கள். இப்படியே ஏறுவதும் பிரிவதும் இறங்குவதும். ஒரு பக்கத்தை முழுக்க முடித்தபிறகு தண்டின் மற்றப் பக்கம். தண்டு வெளியே வளைகிற இடத்தில் வெளிப்பக்க இறகு கட்டையாகும், உள்பக்க இறகு நீளும். அதை மாற்ற முயலாதீர்கள், எல்லைக் கோடு தானாகவே அதைச் செய்யும்.

இறகு தண்டில் வந்து சேருகிற கோணம்தான் முக்கியம். சிறுதெரு பெருந்தெருவோடு சரிந்து வந்து கலக்கிற மாதிரிச் சேர வேணும். நேர்குத்தாக வந்து முட்டினால் இறகு இராது, சீப்பின் பல் இருக்கும். பழைய கோட்டின்மேல் திரும்பித் தைக்கும்போது மயிரிழை விலகினால் அதை அவிழ்க்க வேண்டாம். கழுவினபிறகு வாடிங் சுருங்கித் துணி லேசாகப் பொம்மும், அந்தக் குறை அதற்குள் ஒளிந்துவிடும்.

மெசினில் இருக்கும் முன் கடுதாசியில் பழகுங்கள். பேனையை எடுக்காமல் ஒரு பக்கம் முழுக்க இறகு கீறுங்கள். ஹோட்டல் அறையில் இருக்கிற ஆளுக்கு மெசின் இல்லை, ஆனால் ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கும். கை அந்த வழியைப் படித்துவிட்டால், மெசினில் அரைவாசி வேலை முடிந்தது. நேர்முக விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கிற நாட்களில் இரவில் நித்திரை இல்லை என்று சொன்ன ஒருவர் மூன்று கொப்பி நிறைய இறகு கீறிக்கொண்டு வந்தார். அவருடைய கரைதான் இப்போது எங்கட சுவரில் தொங்குகிறது.

விற்கலாமோ?

தஞ்சக் கோரிக்கை முடிவாகாமல் இருக்கிற ஆள் விற்கேலாது. உங்களுக்குத் தந்த பெயில் 201 கடிதத்தை எடுத்துப் பாருங்கள், வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கும். வீட்டில் இருந்து தைத்து விற்பதும் சுயதொழில், அதுவும் வேலைதான். காசுக்குப் பதிலாகச் சாமானோ, இலவச வாடகையோ வாங்கினாலும் அதே கதை. 2016ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வேலை செய்வது குற்றம், அப்படி வந்த காசைப் பறிக்கவும் இடம் உண்டு. ஒரு போர்வைக்கு யாரோ தந்த சிறு தொகைக்காக உங்கட வழக்கில் உங்கட சொல்லின் நம்பகம் கேள்விக்குள்ளாக வேண்டாம்.

உங்கட பக்கத்துப் பிழை இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராமல் இருந்தால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் அரசாங்கம் பட்டியலிட்ட குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும்தான். சுயதொழிலுக்கு அப்போதும் அனுமதி இல்லை. ஆகவே அந்தக் கடிதம் கையில் இருந்தாலும் குயில்ட் விற்கேலாது. இதைப் பலர் தெரியாமல் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியது என்ன? பழகலாம், உங்கட பிள்ளைக்குத் தைக்கலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம். ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் தொண்டராகத் தைக்கலாம். அவர்கள் பஸ் காசையும் சாப்பாட்டுச் செலவையும் உண்மையாகச் செலவானபடி தரலாம், அதற்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள். இலாபத்துக்கு நடக்கிற தையற்கடையில் "பழக வந்தேன்" என்று இருந்து இலவசமாக வேலை செய்வது தொண்டு அல்ல, அதற்குப் போகாதீர்கள். புரொஜெக்ட் லைனஸ் என்ற தொண்டு அமைப்பு நோயுற்ற பிள்ளைகளுக்கு இப்படியான குயில்டுகளை வாங்கிக் கொடுக்கிறது. வகுப்பில் முடிகிற சின்னக் குயில்டுகளை நாங்கள் அங்கே அனுப்பலாம்.

முகநூலில் படம் போடும்போது "விலைக்கு உண்டு" என்றோ, விலையையோ எழுதாதீர்கள், பகிடிக்கும் வேண்டாம். யாராவது ஏற்கனவே காசு தந்திருந்தால் மறைக்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள், உங்கட சொலிசிட்டருக்கு எப்படி அறிவிக்கிறது என்று பேசுவோம்.

அகதி அந்தஸ்து கிடைத்தபிறகு நிலைமை வேறு. வேலையும் செய்யலாம், சுயதொழிலும் செய்யலாம். ஒரு வரி ஆண்டில் இப்படி விற்றுவாற மொத்த வரவில் 1,000 பவுண் வரை வரி இல்லை. யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிற ஆக்கள் அந்த வரவையும் ஒவ்வொரு மாதமும் சொல்ல வேணும். அந்த நேரத்தில் இறகு வேலை கையில் இருந்தால் நல்லதுதானே.

வகுப்புக்கு வாற நாளும், போய்க் கையெழுத்து வைக்கிற நாளும் ஒன்றாக வந்தால் கையெழுத்துத்தான் முதல். வகுப்புக்குப் பிந்தி வரலாம், ஒருவரும் கேட்கமாட்டோம். வரும்போது ஒரு பழைய பருத்தி பெட்சீற்றும், பஸ் ரிக்கற்றும் கொண்டுவாருங்கள். மெசின், நூல், வாடிங் எல்லாம் இங்கே இருக்கு. 2 பென்ஸ் குத்தி மட்டும் நீங்கள் கொண்டுவர வேணும், எங்களிடம் இருந்தவை எல்லாம் எங்கே போயினவோ தெரியாது.